ராஜாவுக்கு அங்கி சேர்ந்துச்சு

…அசையாதீங்க தலைவரம்மா, உங்க மேல்கோட்டுல ரெண்டு பக்கமும் குண்டூசி குத்தியிருக்கேன். குத்துனா உங்களுக்கு வலி, எனக்குப் பழி. நாளைக்கு நகரமன்றக் கூட்டத்துல நீங்க நெளிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா, தையக்காரி வேணும்னே ஊசியை உள்ள வச்சுத் தச்சுட்டான்னு பேசுவாங்க. இந்தத் தெருவைப் பத்திப் பேசுறது ஏற்கெனவே பத்தாதாக்கும்.

எங்க விட்டேன்... ஆங், சிவப்புக் கோடு. ரோட்டை அகலமாக்க அளக்கணும்னு உங்க நகரமன்ற ஆளுங்க வந்தாங்களா, வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேக்கணுமே. கேக்கல. ஒருத்தன் கயித்தைப் பிடிச்சான், ஒருத்தன் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா உள்ள வந்துட்டான். செவுத்துல ஒரு கோடு, தரையில ஒரு கோடு, கட்டிங் மேசை மேல ஒரு கோடு. மேசை மேலம்மா. பள்ளிக்கூடத்துச் சட்டைத் துணியை விரிச்சு சாக்கட்டியால கோடு போட்டு வச்சிருக்கேன், அதை ஒதுக்கக்கூட விடல. வெள்ளைக் கோட்டு மேல சிவப்புக் கோடு. “கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் கடை”ங்கறான். அந்தப் பக்கம் என்ன மிஞ்சுது? கண்ணாடியும் ஃபேன் சுவிட்சும் மிஞ்சுது. ஃபேன்கூட ரோட்டுக்குப் போயிடுது.

எங்க வீட்டுக்காரர் காலையில படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் வெளிய போனார். “அந்தம்மா வர்றாங்க, நீ வாயைத் திறக்காத. அவங்க மேல்கோட்டைச் சரி பண்ணு, வணக்கம் சொல்லு, அனுப்பு. நாளைக்குக் கடைங்களை இடிக்கிற தீர்மானம் வருது, தெருவுல ஏழு கடையும் அவங்க கையெழுத்துலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.” நானும் சரின்னேன். வாயில குண்டூசி இருந்த வரைக்கும் நான் பேசினேனா, சொல்லுங்க. ஊசி தீந்துபோச்சு. நான் என்ன பண்ணட்டும்.

கோவிச்சுக்காதீங்க, இவ்வளவுக்கும் காரணம் உங்க புது வண்டிதான். பழைய வண்டி இருந்தப்ப இந்தத் தெருவுல நீங்க வந்து போகலையா? வந்தீங்க. ஓட்டுக் கேட்டு வந்தப்ப நடந்தே வந்தீங்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க, ஊசி குத்தாம இருக்க என் விரல்ல மாட்டியிருந்த இரும்புக் குப்பி உங்க கையில அழுந்தி நீங்க முகம் சுளிச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இந்த வண்டி வந்துச்சு பாருங்க... எதிர்ல இருக்கற பட்டன் கடைச் செவுத்துக்கும் என் ஷட்டருக்கும் நடுவுல வந்து சொருகிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல, கதவு திறக்கல. உங்களை ஜன்னல் வழியா இறக்கினது யாரு? நானும் பட்டன் கடைக்காரரும்தானே. அப்ப உங்க செயலாளர் வண்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்ன சொன்னார்? நான் என் காதால கேட்டேன். “வண்டி பெரிசு இல்லீங்க தலைவரே, தெருதான் சிறுசு”ன்னார். நீங்க ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியன்னு தொங்கிக்கிட்டே தலையாட்டினீங்க. அந்தத் தலையாட்டல்லதாம்மா ஏழு கடை போகுது.

இப்படித்தான் ஒரு ராஜா தலையாட்டித் தலையாட்டியே ராஜ்யத்தை விட்டான்.

இல்லம்மா, சொல்லிடறேன், இந்தப் பக்கத் தையல் பிரிக்கிற வரைக்கும் நீங்க நின்னுதானே ஆகணும். நான் பெரிசாப் படிச்சவ இல்ல. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. என் மக பரீட்சைக்கு வாய்விட்டுப் படிப்பா, நான் மெஷினை ஓட்டிக்கிட்டே கேப்பேன். ராஜா பேர் வர்ற இடத்துல பாத்து மெஷின் சத்தம் போடும், அதனால பேர் தெரியாது. ஊரும் தெரியாது. பாதி அவ படிச்சது, மீதி நானா கோத்துக்கிட்டது. ஆனா அதுல தையல் விஷயம் எதுவும் தப்பா இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு.

அந்த ராஜ்யத்துல ஒரு வழக்கம். முதல் முதல்ல கோட்டை கட்டின ராஜா ஒரு அங்கி தைக்கச் சொன்னான். கெட்டியான துணி, கழுத்துல இருந்து கீழ வரைக்கும் வரிசையாப் பட்டன். அவனுக்கப்புறம் யார் ராஜாவா வந்தாலும், வருஷா வருஷம் முடிசூட்டின நாள் அன்னிக்கு அதே அங்கியைப் போட்டு, எல்லாப் பட்டனையும் பூட்டி, மாடத்துல வந்து நிக்கணும். கீழ ஜனம் பாக்கும். எல்லாப் பட்டனும் பூட்டியிருந்தா அந்த வருஷம் வழக்கம்போல வரி. ஒரு பட்டன் பூட்டலைன்னாலும் வரி கிடையாது, களஞ்சியத்தைத் திறந்து விட்டுடணும். ராஜா பெருத்தா யார் சோத்துல பெருத்தான், நம்ம சோத்துலதானேன்னு ஜனத்துக்கு ஒரு கணக்கு. எவ்வளவு நல்ல வழக்கம் பாருங்க. நம்ம மன்றத்துலயும் அப்படி ஒண்ணு இருந்தா பாதிப் பேர் சட்டை இல்லாமத்தான் வரணும்.

நான் உங்களைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

இந்த ராஜா பட்டத்துக்கு வந்தப்ப ஒல்லிதான். அங்கி தொளதொளன்னு இருந்துச்சு. முதல் சில வருஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு வருஷம், அரண்மனைத் தையக்காரன் பட்டன் பூட்டிக்கிட்டே வர்றான், கடைசிப் பட்டன் வரல. ஒரு விரக்கடை இடைவெளி. இழுத்துப் பாக்கறான், ராஜாவை மூச்சை உள்ள இழுக்கச் சொல்லலாமான்னு நெனைக்கிறான், ராஜாகிட்ட எப்படிச் சொல்றது. அவனுக்கு வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல வரி மந்திரி நிக்கிறார். அந்தாளுக்கு என்ன கவலை? வரி இல்லன்னா அவருக்கு வர்ற பங்கும் இல்ல. ராஜா கேக்கறான், “என்னய்யா, பிடிக்குதே?” தையக்காரன் ராஜா முகத்தைப் பாக்கல, மந்திரி முகத்தைப் பாத்தான். பாத்துட்டுச் சொன்னான், “மழைக் காத்து பிரபு, துணி இறுகியிருக்கு. இதோ, ஒரு நிமிஷம்”னு.

என்ன பண்ணினான் தெரியுமா? பக்கத் தையலைப் பிரிச்சான். எந்த நல்ல தையக்காரனும் உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தான் தச்சிருப்பான். அந்தத் துணியில கொஞ்சத்தை வெளிய எடுத்துவிட்டுத் திரும்பத் தச்சான். பட்டன் பூட்டிக்கிச்சு. ராஜா மாடத்துக்குப் போனான், ஜனம் பாத்துச்சு, வரி கட்டுச்சு. ராஜாவுக்கு என்ன சந்தோஷம். “பாத்தியா, பட்டத்துக்கு வந்த நாள்ல எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கேன்”ங்கறான். சுத்தி நின்ன அத்தனை பேரும் ஆமாங்கறாங்க. த்தூ. ஆளு ஒரு தலைகாணி அளவுக்கு வளந்திருக்கான், ஆமாங்கறாங்க.

அடுத்த வருஷம் மறுபக்கத் தையல். அதுக்கடுத்த வருஷம் முதுகுத் தையல். உள்ள விட்ட துணி எத்தனை நாளைக்கு வரும்? தீந்துபோச்சு. அப்ப என்ன பண்ணினாங்கறீங்க, அந்தப்புரத்துல தொங்கின திரைச்சீலை அதே நிறமா இருந்துச்சாம், அதுல ஒரு கீத்து வெட்டி அக்குளுக்குக் கீழ ஒட்டுப் போட்டான். ராஜா அங்கியில ஒட்டு! ராஜா கையைத் தூக்கினா ஒட்டு தெரியும். அதுக்கு மந்திரி ஒரு வழி கண்டுபிடிச்சார். மாடத்துல நிக்கும்போது கையை ஆட்டுறது சின்ன ராஜாக்களோட பழக்கம், பெரிய ராஜா கையை இறுக்கி வச்சுக்கிட்டு நிக்கிறதுதான் கம்பீரம்னு சொல்லிக் குடுத்தார். அந்த மண்டூகமும் அப்படியே நின்னுச்சு. ஜனம் கையாட்டுது, இவன் உலக்கை மாதிரி நிக்கிறான்.

கூட்டத்துல ஒரு பொம்பளைக்கு மட்டும் பொறுக்கல. அவளும் தையக்காரியாத்தான் இருக்கணும், வேற யாருக்கு அது கண்ணுல படும். “பக்கத் தையல் எப்படி முதுகுக்குப் போச்சு?”ன்னு சத்தமாக் கேட்டுட்டா. அவ்வளவுதான் கேட்டா. அவளை ஊரை விட்டே தள்ளிட்டாங்க. என் மக பாடத்துல இது இல்ல, நான்தான் போட்டேன். ஆனா இருந்திருப்பா. எந்தக் கூட்டத்துலயும் அப்படி ஒருத்தி இருப்பா.

கொஞ்சம் திரும்புங்க. இந்தப் பக்கம். ம்.

அப்புறம் அங்கியோட நிக்கல. அதான் சொல்றேன், ஒண்ணை ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் ஒத்துக்கணும். சிம்மாசனத்துல உக்காந்தா கைப்பிடி இடிக்குது. “சிம்மாசனம் உளுத்துப்போச்சு பிரபு”ன்னு அகலமா ஒண்ணு செஞ்சாங்க. குதிரை மூச்சு வாங்குது. “கிழக் குதிரை பிரபு”ன்னு ஒரு மலை மாதிரி குதிரை வந்துச்சு. படிக்கட்டு ஏற முடியல, படிக்கட்டைத் தாழ்த்திக் கட்டினாங்க. படுக்கையறைக் கதவு இடிக்குது, கதவைப் பேத்து எடுத்தாங்க, பக்கத்து அறையில இருந்த ஆளுங்களை வெளிய அனுப்பிட்டுச் செவுத்தை இடிச்சாங்க. எங்கயும் இடிக்கலைன்னா ஒரு மனுஷனுக்குத் தான் எவ்வளவு இருக்கோம்னு எப்படிம்மா தெரியும்? எங்கயாவது ஒரு இடத்துல இடிக்கணும். இடிச்சாத்தான் நல்லது. உங்களுக்கு இந்தத் தெருவுல இடிச்சுது. நல்லதுக்குன்னு எடுத்துக்கணும்.

சரி, வர்றேன், முடிச்சுடறேன். பக்கத்து நாட்டுக்காரன் படை எடுத்து வந்துட்டான். கோட்டைக் கதவை உடைக்கிற சத்தம் கேக்குது. காப்பாத்த ஜனம் வரணுமே, வரல. வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துடுச்சு. வருஷா வருஷம் வரியைக் கட்டிட்டு, பட்டன் பூட்டியிருக்கு பட்டன் பூட்டியிருக்குன்னு பாத்தவங்கதானே. அவங்களுக்கு என்ன வந்துச்சு.

தப்பிக்க ரெண்டு வழி. பின்னால ஆத்துல ஒரு படகு நிக்குது, பெரிய படகு. இன்னொண்ணு, கோட்டைக்கு அடியில ஒரு சுரங்கம். ராஜா படகுல ராணியையும் புள்ளைங்களையும் ஏத்தினான். அவனும் ஏறியிருக்கலாம், இடம் இருந்துச்சு. ஆனா ராஜா படகுல போனா எதிரி கண்ணுல படும், சுரங்கம்தான் பத்திரம்னு சொல்லிட்டு, படகை அனுப்பிட்டு, மந்திரிங்களோட கீழ இறங்கினான். சுரங்கத்து வாசல் ஒரு பொந்து. அதுக்கு மேல கல்லுல எழுதியிருக்கு, கோட்டை கட்டின அந்த முதல் ராஜா எழுதி வச்சது. என்ன எழுதியிருக்குங்கறீங்க? “முடிசூட்டு அங்கி சேர்ற உடம்பு இந்த வாசலுக்குள்ளயும் போகும்.”

பாத்தீங்களாம்மா. அதுக்குத்தான் அந்த அங்கி. அந்த ஒரு துணியை எதுக்கு வருஷா வருஷம் மாட்டிப் பாத்தாங்கன்னு அத்தனை பேருக்கும் மறந்துபோச்சு. வரிக்குன்னு நெனச்சுக்கிட்டாங்க. அது அவன் உசுருக்கு எடுத்த அளவு. என் மக இந்த இடத்தைப் படிச்சப்ப நான் மெஷினை நிறுத்திட்டேன்.

இவன் அதைப் படிச்சான். படிச்சுட்டுச் சிரிச்சான். “இந்த வருஷம்கூடப் போட்டேனே”ன்னான். தலையை விட்டான், கையை விட்டான், வயிறு நின்னுடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. பின்னால மந்திரிங்க அத்தனை பேரும் வரிசையா நிக்கிறாங்க, அவங்களுக்கும் அதே பொந்துதான் வழி. தள்ளுறாங்க. அப்பவும் அந்த வரி மந்திரி சொல்றார், “பிரபு, நீங்க பெருக்கல, கல்லு ஊறியிருக்கு”ன்னு. கல்லு எங்கயாவது ஊறுமா? சுரங்கத்தோட அடுத்த முனை வழியா எதிரிக்காரன் உள்ள வந்து பாக்கறான், செவுத்துல இருந்து ஒரு தலையும் ரெண்டு கையும் நீட்டிக்கிட்டிருக்கு. சண்டையே இல்ல. கிரீடத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டான், அவ்வளவுதான். ஒரு ராஜ்யம் போன விதம் அது.

எனக்கு ராஜா மேலகூட அவ்வளவு ஆத்திரம் இல்ல. மந்திரி மேலயும் இல்ல, அவன் பங்குக்காகப் பேசினான். அந்தத் தையக்காரன் இருக்கானே... அவனும் அந்த வரிசையில கடைசியா விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாம்மா. அந்த அங்கியில எத்தனை விரக்கடை சேத்திருக்குன்னு உலகத்துலயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். படகு நிக்கும்போது வாயைத் திறந்து “பிரபு, படகுல ஏறுங்க”ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. மூணு சொல்லு. நாக்கு தேஞ்சா போயிடும்? கையில அளவை வச்சுக்கிட்டு ஒருத்தன் பொய் சொல்லலாமா? வாயால பொழைக்கிறவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். டேப்பு வச்சிருக்கறவன் சொல்லலாமா? கேவலம். அவன் செத்தான்னு நெனைக்கிறீங்களா? அதான் இல்ல. புது ராஜாவுக்கு அங்கி தைக்க உக்காந்துட்டானாம். அவன் மாதிரி ஆளுங்க எந்தக் காலத்துலயும் நல்லா இருப்பாங்க.

அதனாலதாம்மா சொல்றேன், அந்தச் செயலாளரைக் கொஞ்சம் தள்ளியே வைங்க. தெருமுனையில வண்டிக்குள்ள உக்காந்திருக்கார் பாருங்க, இங்க நடந்து வர்றதுக்குக்கூட அவருக்கு முடியல. வண்டியை மாத்துறது சுலபமா, ஏழு குடும்பத்தை மாத்துறது சுலபமா? பட்டன் கடைக்காரருக்கு இதை விட்டா ஒண்ணும் தெரியாது. எனக்கும்தான். வேற இடத்துல கடை போட்டா இந்த வயசுல யாரு என்னைத் தேடி வருவா...

ஃபோன் அடிக்குதும்மா. அவர்தானா? எடுக்கலையா? ...வச்சுட்டீங்க.

ஏம்மா கண்ணாடியையே பாக்கறீங்க. நான் ஏதாவது அதிகமாப் பேசிட்டேனா. எங்க வீட்டுக்காரர் சொன்னார், நான்தான்... என்னது? தீர்மானத்தை நிறுத்தச் சொல்லிடட்டுமான்னா கேட்டீங்க? நாளைக்கு எடுக்க வேண்டாம்னா? ...நெசமாத்தான் சொல்றீங்களாம்மா. கொஞ்சம் இருங்க, நான் உக்காந்துக்கறேன். நீங்க நல்லா இருக்கணும். ஏழு குடும்பமும் உங்க பேரைச் சொல்லும்...

என்ன, ஃபோன் பண்றதுக்கு முன்னால என்னை ஒண்ணு கேக்கணுமா? கேளுங்கம்மா. மனசை விட்டுக் கேளுங்க. உங்களைச் சுத்தி யாரும் உண்மையைச் சொல்றதில்ல, நீயாவது சொல்லுங்கறீங்க. சொல்றேன். என்ன.

...பெருத்துட்டீங்களாவா?

நீங்களா?

அய்ய, யாரும்மா சொன்னது. எங்க பெருத்தீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க. இல்லம்மா, உண்மையைத்தான் சொல்றேன். டேப்பா, டேப்பு எதுக்கு, என் கண்ணே டேப்புதானே. இந்தக் கோட்டு இருக்கே, இதை நான்தான் அன்னிக்கு அவசரத்துல கொஞ்சம் பிடிச்சு வெட்டிட்டேன். ஆமா, என் தப்பு. அதான் இப்ப இழுக்குது. பதவிக்கு வந்த அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ அப்படியேதான் இருக்கீங்க. இன்னும் சொல்லப்போனா முகத்துல ஒரு சுத்து எளைச்சிருக்கீங்க. அலைச்சல், பாவம்.

சிரிக்கிறீங்களே. பயந்துட்டீங்களா? ...ஆமாம்மா, ராஜா கதையெல்லாம் சும்மா, புள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிறது.

வண்டியா? வண்டிக்கு என்ன... உங்க பதவிக்கு அந்த அளவாவது வேண்டாமா. அளவாத்தான் இருக்கு.

தெருவா... தெரு சிறுசான்னா...

அதுவும் அப்படித்தாம்மா. போட்டவங்க போட்டப்பவே கொஞ்சம் பிடிச்சுத்தான் போட்டுட்டாங்க. என்னை மாதிரி.

இப்ப யாருக்கு ஃபோன் பண்றீங்க, செயலாளருக்கா... என்ன சொல்றீங்கம்மா அவர்கிட்ட. தீர்மானத்தை நாளைக்கே எடுத்துடலாம்னா... இல்ல, அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... சரி. பேசுங்க, பேசி முடிங்க.

...ஆச்சும்மா, ஊசியெல்லாம் எடுத்துட்டேன், கையைக் கீழ விடுங்க. இது சாயங்காலம் தயாரா இருக்கும். என்னது, புதுசா இன்னொரு கோட்டும் வேணுமா? எதுக்கும்மா? ரோடு திறக்கற அன்னிக்கா. ...தச்சுடலாம்மா. நல்லா தாராளமா விட்டே தச்சுடறேன். எங்க உக்காந்து தைக்கிறதுன்னுதான்...